அய்யா பெயர் இல்லாமல் வந்த மின்னஞ்சல்

காலையில் பல் துலக்கிக்கொண்டு நிற்கும்போது கீழே இருந்து வீட்டுக்காரர் என் அய்யாவைக் கூப்பிடுகிறார். "மூக்கன் ஜி, பானி ஆ கயா." தண்ணீர் வந்துவிட்டது, வாளியை வை என்று அர்த்தம். அய்யா இருப்பதோ ரயிலில் இரண்டு இரவு தள்ளி, முதுகுளத்தூர்ப் பக்கத்து ஊரில். அந்த நேரத்துக்கு அவர் வெட்டிய கருவேல விறகைக் கரிமூட்டத்தில் அடுக்கிக்கொண்டிருப்பார். தில்லி கோட்லா முபாரக்பூர் சந்து ஒன்றில் தன் பெயரை, அதுவும் ஜி போட்டு, தினமும் ஒருவர் கூப்பிடுவது அவருக்குத் தெரியாது. அவருக்குப் பதிலாக நான் வாயில் நுரையோடு "ஹாங் ஜி" என்கிறேன்.

இது எப்படி வந்தது என்றால், என் பெயர் மூ. செல்லதுரை. பள்ளிக்கூடம் தொடங்கி கல்லூரி வரை அந்த 'மூ' ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. ஓக்லாவில் வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனியில் ஒரு படிவம் நீட்டினார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். எங்கள் வீட்டில் படிவம் நிரப்பப் படித்த முதல் ஆள் நான், யாரைக் கேட்க? இனிஷியல் முன்னால்தானே வருகிறது, அதை விரித்து எழுதினாலும் முன்னால்தானே வரவேண்டும் என்று யோசித்து, முதல் கட்டத்தில் மூக்கன், கடைசிக் கட்டத்தில் செல்லதுரை என்று எழுதினேன். அன்றிலிருந்து அலுவலகத்திலும் வங்கியிலும் வாடகை ஒப்பந்தத்திலும் நான் மூக்கன். செல்லதுரை என்பது என் குலப்பெயர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்காரர் ஒருநாள் மொட்டைமாடியில் நிறுத்தி, செல்லதுரைகள் என்றால் எந்த வகை ஆட்கள் என்று கேட்டார். ஜாதியைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. எனக்குத் தெரிந்த இந்தியில், செல்லதுரைகள் என்று யாரும் இல்லை, நான் ஒருவன்தான் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அச்சா... கோயீ நஹீங் ஹை?" என்றார். யாருமே இல்லையா என்று கேட்கிறார். இல்லை என்று நானும் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்து எனக்கு ஆலு பராட்டா வருகிறது. குடும்பமே இல்லாத பிள்ளை என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். திருத்தலாம் என்று பலமுறை நினைத்தேன். பராட்டா நன்றாக இருக்கும்.

அய்யாவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அப்படிப் போனால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு மூக்குக் குத்தி, மூக்கன் என்றோ பிச்சை என்றோ பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எமன் வந்து பார்த்தால், இது வேண்டாத பிள்ளை போலிருக்கிறது என்று திரும்பிப் போய்விடுவான் என்று நம்பிக்கை. எமனை ஏமாற்ற வைத்த பெயர் அது. ஊரில் அதைக் கூப்பிடும் விதமே வேறு. வயதில் சிறியவர்கள்கூட ரோட்டில் நின்று "ஏ மூக்கா, மூட்டம் எப்பப் பிரிக்கிற?" என்பார்கள். அய்யா தோளில் கிடக்கும் துண்டை இறக்கிவிட்டுப் பதில் சொல்வார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தில்லியில் வாட்ச்மேன் "மூக்கன் சாப்" என்று சொன்ன முதல்நாள், யாரையோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஆனாலும் நாளாக ஆக ஒரு சலிப்பு வந்தது. என்னை என் பெயரால் கூப்பிட இந்த ஊரில் ஒருவர்கூட இல்லையே என்று இருந்தது. கிட்வாய் நகரில் இருக்கும் கலா அக்கா மட்டும் துரை என்பார். இந்தக் கதை பாதி அவருடையது.

கலா அக்கா சேலத்துக்காரர். அவர் கணவருக்கு லோதி ரோட்டில் மத்திய அரசு அலுவலகம். பஸ்ஸில் தமிழ் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டு வந்த அந்தக் கணவரிடம் நானாகப் போய்ப் பேசி, அப்படித்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். அக்கா கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். தில்லிக்கு வந்தபிறகு அந்த விரல்களுக்கு வேலையே இல்லை. அந்தச் சமயத்தில்தான் கனடாவில் இருக்கும் ஈழத்தமிழர் ஒருவர் எனக்குக் கொஞ்சம் வேலை தந்தார். பழைய தமிழ்ப் புத்தகங்களின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவார். அவற்றை யூனிகோடில் தட்டச்சு செய்து திருப்பி அனுப்பவேண்டும். நான் பிழை பார்ப்பேன், அக்கா அடிப்பார். கூலி, இணையத்தில் பணம் வாங்கிக் கொடுக்கும் ஒரு தளத்தில் என் பெயரில் இருக்கும் கணக்குக்கு வரும். அக்காவின் பங்கும் அதில்தான் கிடந்தது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் பிடிப்பார்கள் என்று எடுக்காமல் சேர்த்து வைத்திருந்தோம்.

சேர்த்ததற்குக் காரணம் ஒரு கீசர். தில்லிக் குளிரை ஊரில் இருப்பவர்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. ஜனவரியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைக் கடிக்கும். அக்கா வீட்டில் வாளிக்குள் மின்சார ராடு போட்டுத்தான் வெந்நீர். ஒருமுறை அது ஷாக் அடித்து, அக்காவின் கை ஒரு வாரம் மரத்துக் கிடந்தது. கீசர் வாங்கலாம் என்றால் கணவர் சம்மதிக்கவில்லை. நாளைக்கே டிரான்ஸ்பர் வரலாம், சர்க்கார் சுவரில் யார் துளை போடுவது என்பது அவர் வாதம். பத்து வருடத்துக்கும் மேலாக அதையேதான் சொல்லிக்கொண்டு அதே வீட்டில் இருக்கிறார். கடைசியில் அக்கா, "நீங்க ஒண்ணும் போட வேண்டாம். நான் சம்பாதிச்சு நான் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். தன் வாழ்க்கையில் தானே சம்பாதித்த முதல் பணம் என்று என்னிடம் சொன்னார். கோடை முழுக்க, மின்விசிறிக் காற்றும் சூடாக வரும் அந்த அறையில் உட்கார்ந்து அடித்த பணம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த மின்னஞ்சல் வந்தது.

நான் வழக்கமாகப் போவது எங்கள் சந்தின் முனையில் வர்மா ஜி நடத்தும் சைபர் கஃபே. அரை மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. அன்று பெட்டியைத் திறந்ததும் அந்தப் பணத்தளத்தின் சின்னத்தோடு, அதே நீல நிறத்தோடு ஒரு கடிதம். உங்கள் கணக்கில் வழக்கத்துக்கு மாறான நடமாட்டம் தெரிகிறது. பாதுகாப்புக் கருதித் தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறோம். ஒரு நாளுக்குள் கீழே இருக்கும் இணைப்பை அழுத்தி விவரங்களைச் சரிபார்க்காவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். இப்படி ஆங்கிலத்தில்.

வழக்கத்துக்கு மாறான நடமாட்டம் என்றால் நான்தானே? ஒருநாள் ஓக்லாவில் திறக்கிறேன், ஒருநாள் இங்கே, ஒருநாள் அக்கா வீட்டில். என் தப்புதான் என்று உடனே ஒப்புக்கொண்டேன். இதை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக்கு முத்திரை வைத்த கடிதம் வந்தால், அய்யா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் என்னிடம் படிக்கக் கொடுப்பார். அதில் என்ன எழுதியிருந்தாலும் தப்பு நம்முடையதாகத்தான் இருக்கும் என்று எங்களுக்குள் ஒரு தீர்மானம். மின்சார வாரியத்திலிருந்து ஒருமுறை பக்கத்து வீட்டுக்கு வரவேண்டிய நோட்டீஸ் எங்களுக்கு வந்துவிட்டது. மேல்விலாசம் வேறு என்று நான் படித்துச் சொல்லியும் அய்யா நம்பாமல், அபராதம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு ஆபீசுக்கே போய் நின்றார். கல்லூரி வரை படித்துக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாலும் எனக்குள் இருந்தது அதே பயம்தான். இப்படிப் பொய்க் கடிதம் போடும் திருடர்கள் முதலில் தேடுவது அந்தப் பயத்தை.

பயத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. கடிதம் 'டியர் செல்லதுரை' என்று தொடங்கியிருந்தது. ஆகா, இவர்களாவது சரியாகக் கூப்பிடுகிறார்களே என்று ஒரு நொடி குளிர்ந்துபோனேன்.

இணைப்பை அழுத்தினேன். பார்த்துப் பழகிய அதே பக்கம். பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது, கொடுத்தேன். அடுத்த பக்கம் வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டது, அதன்கீழே ஏடிஎம் ரகசிய எண்ணையும் கேட்டது. பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். முதல் நான்கு எண்களை அடித்திருப்பேன்.

"மூக்கன் ஜி, டைம் கதம். படாவூங்?"

வர்மா ஜிதான். நேரம் முடிந்தது, நீட்டிக்கட்டுமா என்று கேட்கிறார். எரிச்சலாக வந்தது. இங்கே ஒரு கணக்கு மூடப்போகிறது, இவர் அரை மணி நேரத்துக்கு நிற்கிறார். அதைவிட, அந்தப் பெயர். என் பெயர் செல்லதுரை என்று சொல்லவே வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

இந்தக் கணக்கைத் தொடங்கியபோதும் அதே இரண்டு கட்டம் இருந்தது. அதிலும் முதலில் மூக்கன், அடுத்து செல்லதுரை. பணம் வந்தாலும், நான் எடுத்தாலும், விதிமுறைகள் மாறினாலும் அவர்கள் அனுப்பிய எல்லாக் கடிதமும் 'டியர் மூக்கன் செல்லதுரை' என்றுதான் தொடங்கும். பெயரை மாற்றிப் போடச் சொல்லி நானே ஒருமுறை எழுதினேன். அதற்கு அடையாளச் சான்று கேட்டார்கள். சோம்பலில் விட்டுவிட்டேன். அப்படியென்றால் இந்தக் கடிதத்தில் அய்யாவை யார் எடுத்தது?

"படா தோ, ஜி", நீட்டுங்கள் என்று வர்மாவிடம் சொல்லிவிட்டு பழைய கடிதம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். அய்யா இருந்தார். அதற்கு முந்தையதில் இருந்தார். எல்லாவற்றிலும் இருந்தார். இந்த ஒன்றில் மட்டும் இல்லை. மறுபடி உற்றுப் பார்த்தபோது 'செல்லதுரை'யின் முதல் எழுத்து ஆங்கிலச் சிறிய எழுத்தாக இருந்தது. என் மின்னஞ்சல் முகவரி அப்படித்தான் தொடங்கும். முகவரியில் பாதியை வெட்டி எடுத்து ஒட்டி, அதைத்தான் என் பெயர் என்று அனுப்பியிருக்கிறார்கள். என்னை அறிந்தவர் யாரும் எழுதவில்லை. என் முகவரி மட்டும் கையில் இருந்த எவனோ எழுதியிருக்கிறான்.

ஒன்று பிடிபட்டதும் மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் பட்டது. கடிதத்தில் தளத்தின் பெயர் சுத்தமாக எழுதியிருந்தது, ஆனால் அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் அழுத்தாமல் வைத்தபோது திரையின் அடியில் வேறு ஏதோ எண் வரிசை ஓடியது. நிஜத் தளத்தில் எப்போதும் இருக்கும் சின்னப் பூட்டுப் படம் இந்தப் பக்கத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏடிஎம் ரகசிய எண். வங்கி மேனேஜரே கேட்டாலும் சொல்லாதே என்று அட்டை வந்த உறையிலேயே அச்சடித்திருந்த எண்ணை, பணம் அனுப்பும் தளம் எதற்குக் கேட்கிறது?

ஆனால் கடவுச்சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். என் பங்கு போனால் போகட்டும். அக்காவிடம் போய், நீங்கள் கோடை முழுக்க அடித்ததை என் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கணவர் எதிரே அவர் நின்ற நிமிர்வு கண்முன் வந்தது.

அந்தப் பக்கத்தை மூடினேன். புதிதாக ஒன்றைத் திறந்து, தளத்தின் முகவரியை ஒவ்வோர் எழுத்தாக நானே அடித்தேன். வர்மாவின் இணைப்பு நடக்கவே யோசிக்கிற இணைப்பு. சின்னம் பாதி வந்து நின்றது. மீதி வந்தது. பழைய கடவுச்சொல்லைக் கொடுத்தபோது உள்ளே விட்டது. இன்னும் மாற்றவில்லை. முதல் வேலையாக நான் மாற்றினேன், எனக்கே மறந்துவிடும் அளவுக்கு நீளமாக. அதன்பிறகுதான் தொகையைப் பார்க்கத் தைரியம் வந்தது. அப்படியே இருந்தது. அக்காவுடையதும் என்னுடையதும், போன வாரம் பார்த்த அதே எண். கணக்கு நிறுத்தப்பட்டதாக எங்கேயும் ஒரு வரிகூட இல்லை. மேலே வழக்கம்போல எழுதியிருந்தது: வெல்கம், மூக்கன் செல்லதுரை.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த வரியை அவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வர்மா வந்து, வீட்டில் ஏதும் கெட்ட சேதியா என்று விசாரித்தார். இல்லை, நல்ல சேதி, அப்பா நலமாக இருக்கிறார் என்றேன். அவர் குழம்பினார். அவரும் எங்கள் வீட்டுக்காரரும் நண்பர்கள். யாருமே இல்லாத பையனுக்கு எங்கிருந்து அப்பா வந்தார் என்று யோசித்திருப்பார்.

அந்தப் போலிக் கடிதத்தை நிஜத் தளத்துக்கே அனுப்பி முறையிட்டேன். மறுநாள் வந்த பதிலில், இதற்கு ஃபிஷிங் என்று பெயர், நாங்கள் ஒருபோதும் மின்னஞ்சலில் கடவுச்சொல்லோ ரகசிய எண்ணோ கேட்கமாட்டோம் என்று இருந்தது. நான் முதலில் பார்த்தது அந்தப் பதில் எப்படித் தொடங்குகிறது என்பதைத்தான். அய்யா இருந்தார்.

கடிதம் வந்த அன்றே கஃபேயிலிருந்து நேராகக் கிட்வாய் நகருக்கு நடந்தேன். சொல்லாமல் விடலாம், பணம்தான் இருக்கிறதே என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அக்காவுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. நாளைக்கு அவருக்கும் இதே கடிதம் வரும். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா முதலில் கேட்டது ஒன்றுதான். "பணம் இருக்குதில்ல?" என்றார்.

"இருக்குக்கா."

"உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குது உனக்கு? உள்ள வா, டீ போடறேன்." அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பி, "அவன் நம்ம ஊர்க்காரனா இருக்க மாட்டான் துரை. நம்மாளு திருட வந்தாலும் இனிஷியல் கேட்டுட்டுத்தான் திருடுவான்" என்றார்.

கணவர் செய்தித்தாளை இறக்காமல், ஃபைலில் ஒரு பெயர் எப்படி ஏறிவிட்டதோ அதைத் திருத்தப் போகக்கூடாது என்று தான் எப்போதும் சொல்வதாகச் சொன்னார். அவர் என்னிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த வாரமே பணம் முழுவதையும் வங்கிக்கு மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்தேன். டீக்கடைக்குப் போன் போட்டால் அய்யாவைக் கூட்டிவருவார்கள். இணையம், கடவுச்சொல் எதையும் விளக்காமல், ஒருவன் கடிதம் போட்டு ஏமாற்றப் பார்த்தான், உங்கள் பெயர் அதில் இல்லாததால் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

"அப்ப அந்தத் திருட்டுப்பய என்னைய மதிக்கலைங்கிற."

"ஆமாய்யா."

"மத்தவுகல்லாம் அங்க எம்பேரையா சொல்றாக?"

"ஜி போட்டுச் சொல்றாகய்யா."

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. பிறகு, கடையில் நிற்கும் யாரிடமோ, டில்லியிலே என்னைய ஜிங்கிறாகளாம்ப்பா என்று அவர் சொல்வதும் கேட்டது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிற என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் பயமுறுத்தினால், அவசரப்படுத்தினால், முதலில் எழுந்துபோய் ஒரு டீ குடியுங்கள். அது தரும் இணைப்பைத் தொடாமல் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். எனக்கு வாய்த்த திருடன் சோம்பேறி. இன்னொருவன் முழுப்பெயரையும் எங்கிருந்தாவது தேடிப்பிடித்துப் போடுவான், ஆகவே பெயர் சரியாக இருந்தது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். தப்பு நம்முடையதாகத்தான் இருக்கும் என்ற அந்தப் பழைய நினைப்பை மட்டும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அது நம் அய்யாக்களை நிறைய இடங்களில் வீணாக நிற்கவைத்திருக்கிறது.

கீசர் டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. கடையில் என் அட்டையைக் கொடுத்ததால் பில்லில் என் பெயர். அன்று நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். சுவரில் துளை போடுகிற ஆள் முன்னதாகவே வந்து, அக்கா காட்டிய இடத்தில் நான்கு துளை போட்டு முடித்திருந்தான். கணவர் சுண்ணாம்புத் தூளைப் பார்த்து முனகினார். "டிரான்ஸ்பர் வந்தா கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். ஓட்டை மட்டும் இங்கயே இருக்கட்டும், நாம இருந்தோம்னு" என்றார் அக்கா.

அப்போது கீழே ரிக்‌ஷா வண்டி வந்து நின்றது. பெரிய அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மாடிகளைப் பார்த்துக் கத்தினார்: "மூக்கன் ஜி கவுன் ஹை?" யார் மூக்கன் என்று கேட்கிறார்.

முன்பெல்லாம், அது என் அப்பா பெயர், என் பெயர் வேறு என்று தொடங்கி இந்தியில் திணறுவேன். அந்த நேரத்தில் ஊரில் அய்யா மூட்டத்துக்குத் தீ வைத்துவிட்டு, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். நான் பால்கனிக்குப் போய்க் குனிந்து, "மைங் ஹூங். ஊப்பர் ஆஜாவோ", நான்தான், மேலே வாருங்கள் என்றேன்.

கீழே கேட்டது அய்யாவை. மேலே இருந்து நான்தான் என்று சொன்னது நான். மாட்டி முடித்ததும் குழாயில் வெந்நீர் வந்தது.